ஆறெழுத்துக்குக் குறையாமல்

மகளைப் பெண் பார்க்க வருகிற அன்றைக்கும் வெங்கடரமணன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வராமல் இருக்கவில்லை. “இன்னைக்கு ஒரு நாளாவது வீட்டுல இருங்களேன்” என்று மனைவி மீனா சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காமராஜர் சாலையில் அவருக்கு மருந்துக்கடை. நாள் முழுக்கக் கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடக்கிற மனிதர் காலையிலும் நடக்கப் போவது உடம்புக்காக இல்லை. தெப்பக்குளத்தில் நடக்கிற கோஷ்டிக்கு ஒரு விளையாட்டு உண்டு. அதற்காகத்தான் போனார்.

விளையாட்டு இதுதான். எதிரே தெரிகிற கடை போர்டிலிருந்து மூன்று இனிஷியலை எடுத்துக்கொள்வார்கள். மதுரையில் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து இல்லாத கடையைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வருகிற இங்கிலீஷ் வார்த்தையை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். நடுவே வேறு எழுத்துகள் வரலாம். ஆனால் வார்த்தை ஆறெழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பத்து விரலையும் மடக்கி முடிப்பதற்குள் சொல்லாவிட்டால் அவுட். கடைசி வரை நிற்கிறவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தரவேண்டும். வெங்கடரமணன் தன் காசில் டீ குடித்து ரொம்ப நாளாகிறது.

அன்றைக்கு எழுத்து T, S, M. ஒரு ஜவுளிக்கடை போர்டு கொடுத்தது.

“டிரான்ஸ்ஃபார்மர்” என்று ஆரம்பித்தார் வெங்கடரமணன்.

“டூரிசம்” என்றார் ஒருவர். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் விருமாண்டி மட்டும் எதிரே நின்றார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பதாவது விரல் மடங்கும்போது அவர் முகம் மலர்ந்தது.

“டாஸ்மாக்.”

“அண்ணே, அது டிக்‌ஷனரியில கிடையாது.”

“ஊரெல்லாம் இருக்கு, டிக்‌ஷனரியில மட்டும் இல்லையாக்கும்? என்ன டிக்‌ஷனரி மாப்ள வச்சிருக்க” என்று விருமாண்டி டீக்கடைப் பக்கம் திரும்பினார். “சரி, வா. இன்னைக்கு உனக்கு வடையும் வாங்கித் தாரேன். பொண்ணு பாக்க வாராங்கள்ல, தெம்பு வேணும்.”

*

மகள் பிருந்தாவும் ஸ்ரீனிவாசும் வடபழஞ்சியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருகிறார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முடிவு செய்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வீட்டிலும் சௌராஷ்டிரம்தான் பேச்சு, கோத்திரமும் இடிக்கவில்லை. ஸ்ரீனிவாசின் அம்மா சுந்தரவல்லி சரி என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த அம்மாள் தாலுகா ஆபீஸில் துணை தாசில்தார். கணவர் இறந்தபின் தனி ஆளாக மகனை வளர்த்தவர். மணல் லாரியை ஒற்றை ஆளாக மடக்கி நிறுத்தியவர் என்று ஒரு பேச்சு உண்டு. மீனாவுக்கு அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது.

“இங்க பாருங்க” என்று வெங்கடரமணனுக்கு வேட்டியை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னாள். “அந்தம்மா என்ன சொன்னாலும் ஆமான்னு தலையாட்டுங்க. நாம பொண்ணு வீடு. எங்க பெரியப்பா கதை ஞாபகம் இருக்குல்ல?”

இருந்தது. மீனாவின் பெரியப்பா, மகளுடைய நிச்சயத்துக்கு முந்தின நாள் சம்பந்தியைச் சீட்டாட்டத்தில் வரிசையாகத் தோற்கடித்துவிட்டார். கல்யாணப் பந்தியில் அந்த சம்பந்தி பாயசத்தைத் தொடவே இல்லை. இன்று வரை அந்த இரண்டு குடும்பமும் எதிரெதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போகும்.

“நான் என்ன சீட்டா ஆடப் போறேன்?” என்றார் வெங்கடரமணன்.

சாயங்காலம் சுந்தரவல்லியும் ஸ்ரீனிவாசும் மட்டும் வந்தார்கள். பட்டாளமாக வருவது தனக்குப் பிடிக்காது என்று அந்த அம்மாள் முன்பே சொல்லிவிட்டிருந்தார். முள்ளுமுருங்கை வடையைச் சாப்பிட்டு, “நல்லா இருக்கு, இன்னொண்ணு வைங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிருந்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த வேனில் யார் எந்த சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள் என்பது வரை விசாரித்தார். மணல் லாரி மீனாவின் மனதிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுந்தரவல்லி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பாத்திரக்கடை காலண்டர். மேலே கொட்டை எழுத்தில் B.R.D.

“ஸார், எழுத்து விளையாட்டுல உங்களை யாரும் ஜெயிக்க முடியாதாமே. ஸ்ரீனி சொன்னான். பிருந்தா சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுமாம்.”

“சும்மா காலையில பொழுது போறதுக்கு…”

“நானும் விளையாடுவேன். ஒரு ஆட்டம் போடுவோமா? ஸ்ரீனி, நீ விரலை மடக்கு.” நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். “B, R, D. நான் ஆரம்பிக்கறேன். பிளாக்போர்டு.”

“பர்த்டே” என்றார் வெங்கடரமணன், யோசிக்காமலே.

“எம்பிராய்டரி.”

“பிரிட்ஜ்.”

சமையலறை வாசலில் மீனா தொண்டையைச் செருமினாள். வெங்கடரமணன் நிமிர்ந்தார். மீனா கண்ணாலேயே பெரியப்பா கதையை முழுக்கச் சொல்லி முடித்தாள்.

“கப்போர்டு” என்றார் சுந்தரவல்லி.

ஸ்ரீனிவாஸ் விரலை மடக்க ஆரம்பித்தான். வெங்கடரமணனுக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ‘பிரைட்குரூம்’ நாக்கு நுனியில் நின்றது. அந்த பிரைட்குரூம் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டும் இருந்தான். அவர் அந்த வார்த்தையை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“தெரியலீங்க.”

“யோசிங்க ஸார். ஒண்ணும் அவசரமில்ல.”

“இல்லீங்க, நமக்கு அம்புட்டுதான். உங்க அளவுக்கு எல்லாம் வருமா?”

சுந்தரவல்லி அவரையே பார்த்தார். “நிஜமாவா?”

“நிஜமாத்தாங்க. நீங்க பெரிய ஆபீசர். நான் மாத்திரை எண்ணிக் குடுக்கறவன்.”

சுந்தரவல்லி பாதி குடித்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். செருகியிருந்த தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டார்.

“சரி, அப்ப நாங்க கிளம்பறோம். சொல்லி அனுப்பறோம்.”

பெண் பார்த்த வீட்டில் ‘சொல்லி அனுப்பறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிடித்திருந்தால் அங்கேயே பஞ்சாங்கம் கேட்பார்கள்.

*

அவர்கள் காரில் ஏறிய நிமிஷத்திலிருந்து மீனா காரணம் தேடினாள். வடையில் உப்பு. இல்லை, அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே. காபியில் சர்க்கரை. அல்லது பிருந்தா சுடிதாரில் வந்து நின்றது.

“புடவை கட்டிக்கோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.”

“அம்மா, சுடிதார் எங்க வாங்கினேன்னு அவங்களே கேட்டாங்க. பேசாம இரு” என்று சொல்லிவிட்டு பிருந்தா மொட்டை மாடிக்குப் போனாள். ஸ்ரீனிவாசிடமிருந்து போன். திரும்பி வந்தவள் நேராக அப்பாவின் எதிரில் நின்றாள்.

“பிரைட்குரூம்ங்கற வார்த்தை உங்களுக்குத் தெரியாதாப்பா?”

வெங்கடரமணன் பேப்பரை மடித்தார். “தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

“பொண்ணு வீட்டுக்காரன்மா நான். வந்தவங்களைத் தோக்கடிச்சு அனுப்பறதா?”

“அவங்க வழியெல்லாம் வாயே திறக்கலையாம். வீட்டுக்குப் போனதும் சொன்னாங்களாம்: ‘அந்த மனுஷன் என்னைப் பாத்துப் பயந்துட்டார். வேணும்னே தோத்தார். இன்னைக்கு அப்பா பயப்படறார், நாளைக்குப் பொண்ணு பயப்படும். எனக்கு முன்னால ஒண்ணு, எனக்குப் பின்னால ஒண்ணுன்னு வீட்டுக்குள்ள ஒரு ஆளு வேண்டாம். ஆபீஸ்ல அப்படித்தான் அத்தனை பேரும் இருக்காங்க.’”

மீனா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மரியாதை குறைந்ததால் நின்று போன சம்பந்தம் அவளுக்குத் தெரியும். மரியாதை கூடியதால் நின்று போனதை இப்போதுதான் பார்க்கிறாள்.

“ஸ்ரீனி என்ன சொல்றான்?” என்றார் வெங்கடரமணன்.

“அம்மாகிட்ட சண்டை போடறேங்கறான். நான்தான் வேண்டாம்னேன். அவங்க மனசார சரின்னு சொல்லாம எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா.” அதுவரை திடமாகப் பேசியவளுக்குக் குரல் லேசாக உடைந்தது. “அவங்களை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நான் எதுத்துப் பேசினா சிரிக்கிற மாமியார் எங்க கிடைப்பாங்க?”

*

மறுநாள் தெப்பக்குளத்தில் வெங்கடரமணன் முதல் ஆளாக அவுட் ஆனார். கோஷ்டி நடையை நிறுத்திவிட்டு அவரைச் சுற்றி நின்றது.

“டீக்குக் காசை எடு மாப்ள” என்றார் விருமாண்டி. “நோட்டு நோட்டா வச்சிருப்ப. எம்புட்டு நாளுச் சேமிப்பு.” காசு கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களை முன்னால் போகச் சொன்னார். “என்ன விஷயம்?”

வெங்கடரமணன் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். விருமாண்டி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“நீ தோத்ததுகூடத் தப்பில்ல. தோத்த லட்சணம் இருக்கே, அதான் தப்பு. பொண்ணைப் பெத்தவன், மாப்பிள்ளையை முன்னால உக்கார வச்சுக்கிட்டு, பிரைட்குரூம் தெரியலைங்கறான். கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்?”

“மீனா இருமினாண்ணே.”

“என் பொண்டாட்டியுந்தான் இருமறா. அதுக்கு நான் என்ன பஸ்ஸை விட்டு இறங்கிட்டனா?” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “போ. போயி ஒழுங்கா ஒரு ஆட்டம் ஆடிட்டு வா.”

“சொல்லி அனுப்பறோம்னு சொன்ன வீட்டுக்குப் பொண்ணு வீட்டுக்காரன் வலியப் போகலாமா?”

“சம்பந்தம் பேசவா போற? ஆடத்தான போற. அதுக்கு எந்தப் பஞ்சாங்கத்துல தடை போட்டிருக்கான்?”

ஞாயிற்றுக்கிழமை காலை வெங்கடரமணன் சட்டையை மாட்டும்போது மீனாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போகக் கூடாது என்று முதலில் மறித்தாள். முடியாது என்று தெரிந்ததும், பூ, பழம், வெற்றிலையை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள்.

“இதையாவது எடுத்துக்கிட்டுப் போங்க. வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?”

“தட்டைத் தூக்கிட்டுப் போனா மறுபடி பொண்ணு வீட்டுக்காரனாத்தான் போவேன். அப்புறம் வாயைத் திறக்க மாட்டேன்.” ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார். “வெறுங்கையோட போனாத்தான் ஆட முடியும்.”

பிருந்தா ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

*

திருநகரில் சுந்தரவல்லியின் வீட்டுக் கதவைத் திறந்தது ஸ்ரீனிவாஸ். “வாங்க அங்கிள்” என்று சொன்னது வெங்கடரமணனுக்கா, உள்ளே இருந்த அம்மாவுக்கு எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

சுந்தரவல்லி ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

“சொல்லி அனுப்பறோம்னு சொன்னோமே ஸார்.”

“சொல்லி அனுப்பலீங்க. அதான் நானே வந்தேன்.” வெங்கடரமணன் நின்றுகொண்டே பேசினார். “சம்பந்தம் பேச வரல. அன்னைக்கு ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டேன். B, R, D. பிரைட்குரூம், பிராட்பேண்ட், பிரிகேடியர், சர்ஃப்போர்டு. இன்னும் இருக்கு. எல்லாமே அன்னைக்கும் தெரியும்.”

“தெரியும்னு எனக்கும் தெரியும்.”

“உங்களை ஏமாத்தணும்னு செய்யல. ஜெயிச்சா பொண்ணு வாழ்க்கைக்கு எதாவது ஆயிருமோன்னு நினைச்சேன்.”

“அதுதான் எனக்குக் கோவம்” என்றார் சுந்தரவல்லி. மடித்த போர்வையை மறுபடி உதறி மடித்தார். “ஸ்ரீனி அப்பா இருந்தவரைக்கும் தினம் சாப்பாடு முடிஞ்சதும் எங்க ரெண்டு பேருக்கும் இதான் வேலை. ஒரு நாளாவது விட்டுக் குடுத்திருப்பாரா? மாட்டார். நான் காய்ச்சலோட படுத்திருக்கும்போதும் தோக்கடிச்சிட்டுத்தான் கஞ்சி குடுத்தார். அவர் போனதுக்கப்புறம் எனக்கு நேரா உக்காந்து ஆட ஆளே இல்ல. ஆபீஸ்ல எல்லாம் மேடம் ஜெயிச்சிட்டீங்கன்னு எழுந்து நிக்கறாங்க. இவன் ரெண்டாவது வார்த்தைக்கே போனை நோண்டறான். உங்களைப் பத்தி பிருந்தா சொன்னதைக் கேட்டுட்டு, சத்தியமா சொல்றேன், நான் பொண்ணு பாக்க வந்ததைவிட உங்களோட ஆடத்தான் ஆசையா வந்தேன்.”

வெங்கடரமணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அழைக்காமலே உட்கார்ந்தார்.

“எழுத்தை எடுங்க” என்றார்.

ஸ்ரீனிவாஸ் ஜன்னலுக்கு ஓடினான். எதிரே மாவு மில். “P, L, N.”

சுந்தரவல்லி துணியை ஒதுக்கித் தள்ளினார். தலைப்பு இடுப்புக்குப் போனது.

“அப்ளிகேஷன்.”

“பெனிசிலின்.”

“பாப்புலேஷன்.”

“ஆம்பிசிலின்.”

“அங்கிள், மாத்திரை பேரெல்லாம் கணக்குல வருமா?” என்றான் ஸ்ரீனிவாஸ்.

“டிக்‌ஷனரியில இருக்கா பாரு. இருந்தா வரும்” என்றார் அம்மா. இருந்தது. “கம்ப்ளைண்ட்.”

“ஸ்ப்ளீன்.”

“எக்ஸ்பிளனேஷன்.”

“டிரான்ஸ்பிளான்ட்.”

“உங்க வார்த்தையெல்லாம் ஒரே ஆஸ்பத்திரி வாடையா இருக்கு ஸார்.”

“உங்களுது மட்டும்? மனு குடுக்க வந்த மாதிரி இருக்கு.”

ஸ்ரீனிவாஸ் தன் காதையே நம்பாமல் வெங்கடரமணனைப் பார்த்தான். அவன் அம்மாவிடம் யாரும் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. அம்மாவோ அடுத்த வார்த்தைக்குப் போயிருந்தார்.

“டிசிப்ளின்.”

“பொல்யூஷன்.”

அந்த நேரம் பார்த்து வெங்கடரமணனின் போன் அடித்தது. கடையில் இரண்டு கையும் வேலையாக இருப்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டே பேசிப் பழகியவர். பழக்க தோஷத்தில் அப்படியே எடுத்துவிட்டார்.

“என்னங்க” என்று மீனாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. “போனதுதான் போனீங்க, கொஞ்சம் பாத்துத் தோத்துட்டு வந்துருங்க. அன்னைக்கு மாதிரி அப்பட்டமா வேண்டாம். நாலு வார்த்தை கூடச் சொல்லிட்டுத் தோத்துருங்க.”

வெங்கடரமணன் போனை அணைக்கத் தடுமாறினார். சுந்தரவல்லி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

“மீனா, நான் சுந்தரவல்லி பேசறேன். இங்க அந்த வேலை நடக்காது. ஆட்டம் முடிஞ்சதும் அவரை அனுப்பறேன். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க.”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. போன் ஸ்டூல் மேல் குப்புற வைக்கப்பட்டது.

“எங்க விட்டோம்? பொல்யூஷன். சரி, பெலிகன்.”

“போர்சலின்.”

“பிளாட்டினம்.”

“பெவிலியன்.”

சுந்தரவல்லி நிறுத்தினார். ஸ்ரீனிவாசின் விரல்கள் மடங்கத் தொடங்கின. அவர் கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், மாவு மில்லைப் பார்த்தார். கடைசி விரல் பாதி மடங்கும்போது வார்த்தை வந்தது.

“பாப்புலேஷன்.”

ஸ்ரீனிவாஸ் சட்டென்று கையை விரித்து, வெங்கடரமணனுக்காக முதல் விரலை மடக்கினான். அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது அவன் யாரையும் பார்க்காமல் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

வெங்கடரமணனிடம் இன்னும் இரண்டு வார்த்தை இருந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆட்டம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. பிருந்தா ஹெல்மெட்டைக் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றது ஞாபகத்துக்கு வந்தது. ஸ்ரீனிவாஸ் நான்காவது விரலுக்குப் போயிருந்தான்.

“அது செல்லாதுங்க” என்றார். “பாப்புலேஷன் முன்னாலயே சொல்லிட்டீங்க.”

“நானா? சொல்லல.”

“சொன்னீங்க. நான் பெனிசிலின் சொன்னேன். அதுக்கு அடுத்து நீங்க சொன்னது.”

“எனக்கு ஞாபகம் இல்ல.”

“எனக்கு இருக்குங்க.”

சுந்தரவல்லியின் புருவம் ஏறியது. தாலுகா ஆபீஸில் அந்தப் புருவம் ஏறினால் ஃபைலோடு பின்வாங்கிவிடுவார்கள். வெங்கடரமணன் முழங்காலில் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“ஸ்ரீனி” என்றார் சுந்தரவல்லி. “நான் சொன்னேனா?”

ஸ்ரீனிவாஸ் மடக்கிய விரல்களை விரித்தான். மறுபடி மடக்கினான்.

“ஆமா, நீ சொன்னம்மா. ரெண்டாவது வார்த்தை.”

“சொன்னேனாம். அப்ப நீ ஏன்டா விரலை மடக்கிக்கிட்டு உக்காந்திருந்த?”

“பயம்தாம்மா.”

சுந்தரவல்லி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். உள்ளே ஒரு டப்பா திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஸ்ரீனிவாஸ் உதட்டை அசைத்து, ‘போச்சு அங்கிள்’ என்றான். வெங்கடரமணன் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

சுந்தரவல்லி இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

“சர்க்கரை போதுமா பாருங்க. ஹெல்மெட்டை எதுக்கு மடியில வச்சிருக்கீங்க? கீழ வைங்க. அடுத்த ஆட்டத்துக்கு எழுத்தை நான்தான் எடுப்பேன்.”

“அடுத்த ஆட்டமா?”

“ஒண்ணு ஜெயிச்சிட்டு ஓடிரலாம்னு பாக்கறீங்களா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படிச் சிரிக்கும்போது அவர் துணை தாசில்தாராகவே தெரியவில்லை. “ஸ்ரீனி, அப்பா போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான்டா நான் தோத்திருக்கேன். போய் வாசல்ல நிக்கிற லோடு ஆட்டோவுல என்ன எழுதியிருக்குன்னு பாரு.”

*

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் ஸ்கூட்டர் வந்து நின்றது. மீனாவும் பிருந்தாவும் வாசலுக்கு ஓடினார்கள். வெங்கடரமணனின் முகம் தொங்கிப்போயிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றவும் தோன்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“வென்டிலேட்டர்” என்றார்.

மீனா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “யாருக்குங்க? அந்தம்மாவுக்கா? நல்லாத்தானே போன்ல பேசினாங்க. அப்படி என்ன செஞ்சு தொலைச்சீங்க?”

“அவங்களுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. எனக்குத்தான் வரல. V, L, T. வெல்வெட்ங்கறாங்க, வயலெட்ங்கறாங்க, ரெவல்யூஷன்ங்கறாங்க. நானும் விடாம ஆடினேன். கடைசியில விரல் மடங்குது, ஒண்ணும் வரல. தோத்துட்டேன். திருப்பரங்குன்றம் சிக்னல் தாண்டும்போது ஞாபகத்துக்கு வருது, வென்டிலேட்டர். மருந்துக்கடை வச்சிருக்கறவனுக்கு வரவேண்டாமா?”

“தோத்துட்டீங்களா?” மீனாவின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. “நல்லதாப் போச்சு.”

“முதல் ஆட்டம் ஜெயிச்சேன்.”

வெளிச்சம் அணைந்தது. “அந்தம்மாவையா?”

“இது நிஜமாவே தோத்ததுடி. விட்டுக் குடுத்ததில்ல. அதான் தாங்கல.”

பிருந்தா அவர் முன்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டின் பட்டையை அவிழ்த்தாள். “அப்பா. ஆன்ட்டி என்ன சொன்னாங்க?”

“அதான் சொல்றேனே, வெல்வெட்டுக்கு அப்புறம் வாலன்டியர்…”

“கல்யாணத்தைப் பத்தி.”

“ஓ, அதுவா?” வெங்கடரமணன் தலையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். “ஆவணியில வச்சுக்கலாமாம். அடுத்த ஞாயித்துக்கிழமை பஞ்சாங்கத்தோட வர்றாங்க. நாளைக் குறிச்சு முடிச்சதும் மூணாவது ஆட்டமாம். இப்ப ஒண்ணுக்கு ஒண்ணுல நிக்குது.”

பிருந்தா அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினாள். மீனா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உடனே அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

“ஏங்க, ஞாயித்துக்கிழமை அவங்க சாப்பாட்டுக்கே வர்றாங்களா, இல்ல வெறும் காபிக்கா?”

வெங்கடரமணன் அலமாரியில் டிக்‌ஷனரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அதைக் கேக்கலையே” என்றார்.